கேட்காமல் எடுத்துச் சென்ற காருக்குக் காப்பீடு கிடைக்குமா?

உங்கள் 19 வயது மகன், வீட்டில் எல்லோரும் தூங்கிய பிறகு, வாசல் பக்கம் ஆணியில் தொங்கிய சாவியை எடுத்து, உங்கள் பெயரில் இருக்கும் காரை ஓட்டிச் சென்றிருக்கிறான். நண்பர்கள் இருவர் உடன் இருந்திருக்கிறார்கள். திரும்பும் வழியில் இருசக்கர வாகனத்தில் வந்த ஒருவர் மீது மோதி, சாலைத் தடுப்பில் இடித்துக் கார் நின்றிருக்கிறது. அவருக்குக் காலில் எலும்பு முறிவு. காரின் முன்பக்கம் நொறுங்கிவிட்டது. “திருட்டு என்று புகார் கொடு” என்கிறார் உங்கள் அண்ணன். “உங்கள் கணவர் ஓட்டியதாக எழுதிவிடலாம்” என்கிறார் முகவர். என் அனுமதி இல்லாமல் எடுத்த வண்டிக்குக் கிளைம் கிடைக்குமா என்று கேட்கிறீர்கள். உங்கள் எழுத்தைப் படித்தபோது, அதற்குள் இன்னொரு கேள்வியும் இருப்பதாகப் பட்டது: உள்ளதை உள்ளபடி எழுதினால் பணம் போய்விடுமா? அந்த அச்சத்திற்குத்தான் முதலில் பதில் சொல்ல வேண்டும்.

நான் 22 ஆண்டுகளாக மோட்டார் சர்வேயராக வேலை செய்கிறேன். விபத்துக்குள்ளான வண்டியைப் பார்த்து, சேதத்தை மதிப்பிட்டு, நடந்ததாகச் சொல்லப்படுவதும் வண்டியில் தெரிவதும் பொருந்துகின்றனவா என்று எழுதிக் கொடுப்பது என் தொழில். நான் வழக்கறிஞன் அல்ல. விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயங்களில் சாட்சி சொன்ன அனுபவமும், தீர்ப்புகளைப் படிக்கும் பழக்கமும் உண்டு. காயம்பட்டவர் வழக்குத் தொடர்ந்தால் உங்களுக்கு வழக்கறிஞர் கட்டாயம் வேண்டும். இந்தப் பதில் அதற்கு ஈடாகாது.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். நம் நாட்டில் வழக்கமாக விற்கப்படும் தனியார் கார் பாலிசியில், காரை யார் ஓட்டலாம் என்று சொல்லும் பகுதியில் ‘அனுமதி’ என்ற சொல்லே இல்லை. பாலிசிதாரர் உட்பட எவரும் ஓட்டலாம். ஓட்டியவரிடம் விபத்து நேரத்தில் செல்லுபடியாகும் ஓட்டுநர் உரிமம் இருக்க வேண்டும், உரிமம் பெறத் தகுதியற்றவராக அவர் அறிவிக்கப்பட்டிருக்கக் கூடாது. அவ்வளவுதான் அங்கே இருக்கிறது. சில வெளிநாடுகளில் வீட்டில் யார் யார் ஓட்டுவார்கள் என்று பெயர் பட்டியல் கொடுத்துப் பாலிசி வாங்குவார்கள். அங்கே பட்டியலில் இல்லாதவர் ஓட்டினால் சிக்கல் வரும். இணையத்தில் படித்துவிட்டு அதே விதி இங்கேயும் இருப்பதாகப் பலர் பயப்படுகிறார்கள். இங்கே காப்பீட்டு நிறுவனம் முதலில் கேட்பது “நீங்கள் அனுமதித்தீர்களா?” என்று அல்ல. “ஓட்டியவரின் லைசென்ஸ் எங்கே?” என்றுதான் கேட்கும்.

உங்கள் கேள்வியில் அந்த விவரம் மட்டும் இல்லை. மகனுக்கு 19 வயது என்று எழுதியிருக்கிறீர்கள், உரிமம் இருக்கிறதா என்று எழுதவில்லை. விடையே அதை வைத்துத்தான் மாறும் என்பதால் ஒவ்வொரு நிலையையும் தனித்தனியாகச் சொல்கிறேன்.

அவனிடம் கார் ஓட்டும் உரிமம் இருந்தால் உங்கள் நிலை நீங்கள் நினைப்பதைவிட நல்ல நிலை. உங்களிடம் கேட்காமல் எடுத்தான் என்ற ஒரே காரணத்துக்காகச் சொந்தச் சேதக் கிளைமை நிராகரிக்க, பாலிசியின் ஓட்டுநர் பிரிவில் இடம் இல்லை. பம்பர், ரேடியேட்டர், பானெட், முகப்பு விளக்கு எல்லாவற்றுக்கும், தேய்மானக் கழிவும் நீங்கள் ஏற்க வேண்டிய கட்டாயத் தொகையும் போக, வழக்கமான முறையில் கணக்கிட்டுத் தருவார்கள். கட்டாயத் தொகை என்பது 1500 சி.சி. வரையிலான காருக்கு 1,000 ரூபாய், அதற்கு மேல் 2,000 ரூபாய். காயம்பட்டவருக்கான இழப்பீடு மூன்றாம் நபர் காப்பீட்டில் வரும். உடன் சென்ற இரண்டு நண்பர்களுக்கும் அடிபட்டிருந்தால், உங்களுடையது முழுமையான பாலிசி என்றால் அவர்களுக்கும் அதில் இடம் உண்டு. 2012இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. சட்டக் கட்டாயத்துக்கு மட்டும் எடுத்த மூன்றாம் நபர் பாலிசியில் காருக்குள் இருந்தவர்களுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை.

இந்த இடத்தில் ஒரு சம்பவத்தைச் சொல்லாமல் கடக்க முடியவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் பட்டறை ஒன்றில் ஒரு காரைப் பார்க்கப் போனேன். கிளைம் படிவத்தில் ஓட்டியவர் என்று தந்தையின் பெயர் இருந்தது. அவரும் அங்கேயே நின்றிருந்தார், ஆறடிக்கும் மேல் உயரம், நல்ல உடற்கட்டு. ஓட்டுநர் இருக்கை ஸ்டீயரிங்கை ஒட்டினாற்போல் முன்னால் தள்ளப்பட்டிருந்தது. மோதிய வேகத்தில் இருக்கைக்கு அடியில் உள்ள தண்டவாளம் வளைந்து, இருக்கை பின்னால் நகர மறுத்தது. அந்த இடைவெளியில் அவர் கால்கள் நுழையவே முடியாது. உள் கண்ணாடியும் தாழ்வாகச் சாய்க்கப்பட்டிருந்தது. நான் எதுவும் சொல்லவில்லை, அளவை எடுத்துக்கொண்டு படம் பிடித்தேன். பிறகு அரசு மருத்துவமனையின் விபத்துப் பதிவேட்டு நகல் வந்தது. “கார் ஓட்டி வந்தபோது” என்று அதில் மகளின் பெயர் எழுதப்பட்டிருந்தது. நெற்றியில் மூன்று தையல். நள்ளிரவில் வலியோடு நிற்கும் பெண்ணிடம் மருத்துவர் கேட்டிருக்கிறார், அவள் உண்மையைச் சொல்லியிருக்கிறாள்.

என்னை இன்றும் வருத்துவது இதற்குப் பிறகு தெரிய வந்த செய்திதான். அந்தப் பெண்ணிடம் செல்லுபடியாகும் உரிமம் இருந்தது. அவள் அப்பாவிடம் கேட்காமல் எடுத்ததால் கிளைம் கிடைக்காது என்று யாரோ சொல்ல, அதை நம்பி அவர் தானே ஓட்டியதாகக் கையெழுத்துப் போட்டுவிட்டார். உண்மையை எழுதியிருந்தால் முழுத் தொகையும் வந்திருக்கும். தவறான தகவல் தந்ததாகக் கிளைம் நிராகரிக்கப்பட்டது. என் அறிக்கையில் கண்டதை எழுதுவதைத் தவிர எனக்கு வேறு வழி இல்லை. இரண்டு லட்சத்துக்கும் மேல் செலவு. அவர் என் முன்னால் நின்று, “லைசென்ஸ் இருந்தால் போதுமா சார், யாருமே சொல்லவில்லையே” என்றார்.

அதனால்தான் முகவர் சொன்ன வழியை எடுக்க வேண்டாம் என்று உங்களிடம் மன்றாடிச் சொல்கிறேன். உங்கள் மகன் ஓட்டியதற்கான தடயங்கள் ஏற்கெனவே பல இடங்களில் பதிந்திருக்கும். மருத்துவமனைப் பதிவேடு, காவல் நிலையத்தில் காயம்பட்டவர் தரும் வாக்குமூலம், சாலையோரக் கேமரா, செல்போன் கோபுரப் பதிவு என்று எத்தனையோ இருக்கின்றன. உங்கள் கணவர் அந்த நேரத்தில் வேறு ஊரில் இருந்தார் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அவர் பயணச்சீட்டு ஒன்று போதும் எல்லாம் குலைவதற்கு. காப்பீட்டுப் பணம் போவதோடும் நிற்காது. செய்யாத குற்றத்துக்கு உங்கள் கணவர் குற்றவியல் வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவராக நிற்பார்.

இனி அண்ணன் சொல்லும் திருட்டுப் புகார். அவர் உங்கள் நன்மைக்குத்தான் சொல்கிறார், அதில் ஒரு தர்க்கமும் இருக்கிறது. திருடன் வண்டியை ஓட்டிச் சென்று இடித்தால், அவனிடம் உரிமம் இருந்ததா என்று யாரும் உங்களிடம் கேட்பதில்லை, திருட்டு என்பதே பாலிசியில் தனி இனமாக இருக்கிறது. ஆனால் அதே பாலிசியின் முதல் நிபந்தனையையும் படியுங்கள். திருட்டு அல்லது குற்றச் செயல் நடந்தால் பாலிசிதாரர் உடனே காவல் துறைக்குத் தெரிவிக்க வேண்டும், குற்றவாளிக்குத் தண்டனை கிடைப்பதற்கு நிறுவனத்துடன் ஒத்துழைக்க வேண்டும் என்று அது சொல்கிறது. அதாவது திருட்டு என்ற பெயரில் பணம் கேட்டால், உங்கள் மகனுக்கு எதிராக நீங்களே சாட்சிக் கூண்டில் ஏறுவதாக ஒப்புக்கொள்கிறீர்கள். எடுத்தது யாரென்று தெரியாது என்று எழுதினால் அது பொய்ப் புகார், அதற்கே தண்டனை உண்டு. திருட்டுக் கிளைமில் இரண்டு சாவிகளையும் கொண்டு வாருங்கள் என்பார்கள். ஒன்று விபத்து நடந்த காரிலேயே இருந்தது என்பதை எப்படி விளக்குவீர்கள்?

சட்டப்படி இது திருட்டா என்ற கேள்விக்கும் நேரான விடை இல்லை. திருட்டு என்றால் நேர்மையற்ற நோக்கம் இருக்க வேண்டும். சற்று நேரம் ஓட்டிவிட்டுத் திரும்ப வைக்கலாம் என்று எடுத்தால் அது திருட்டே ஆகாது என்று பலர் சொல்வார்கள், அதுவும் முழுக்கச் சரியல்ல. 1952இல் ஜோத்பூரில் விமானப்படைப் பயிற்சி மாணவர் ஒருவர் அனுமதி இல்லாமல் பயிற்சி விமானத்தை எடுத்துப் பறந்து பாகிஸ்தானில் இறங்கினார். நிரந்தரமாக வைத்துக்கொள்ளும் எண்ணம் தேவையில்லை, தற்காலிகமாக எடுத்ததும் திருட்டாகலாம் என்று 1957இல் உச்ச நீதிமன்றம் சொல்லி, அவர் குற்றவாளி என்பதை உறுதி செய்தது. ஆனால் வீட்டுப் பிள்ளை வீட்டு வண்டியை எடுப்பதற்கு அதைவிடப் பொருத்தமான பிரிவு மோட்டார் வாகனச் சட்டத்திலேயே இருக்கிறது. பிரிவு 197, உரிமையாளரின் சம்மதம் இல்லாமல் வண்டியை எடுத்து ஓட்டிச் செல்வது பற்றியது. மூன்று மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அந்தப் பிரிவுக்குள்ளேயே ஒரு விலக்கும் உண்டு: கேட்டிருந்தால் உரிமையாளர் சம்மதித்திருப்பார் என்று நியாயமாக நம்பி எடுத்தவரைத் தண்டிக்கக் கூடாது. பகலில் கடைக்குப் போக எத்தனையோ முறை உங்கள் மகன் அந்தக் காரை எடுத்திருப்பான் என்றால், அன்றிரவு எடுத்ததை மட்டும் திருட்டு என்று எந்த அதிகாரியும் எளிதில் ஏற்க மாட்டார்.

பிரிந்து வாழும் கணவரோ, பாகப் பிரிவினைச் சண்டையில் இருக்கும் சகோதரரோ வண்டியை எடுத்துப் போய்த் திருப்பித் தராமல் மறைத்து வைத்தால் கதை வேறு. அது உண்மையிலேயே புகார் கொடுக்க வேண்டிய செய்தி. அப்போதும் நிறுவனங்கள் இது குடும்பத் தகராறு, நம்பி ஒப்படைத்த பொருள், திருட்டு அல்ல என்று வாதிடும். அந்த வகைக் கிளைம்கள் இரு பக்கமும் போயிருக்கின்றன, எது எப்படி முடியும் என்று முன்கூட்டிச் சொல்வது கடினம். உங்கள் விஷயம் அந்த வகையைச் சேர்ந்ததே அல்ல.

இப்போது கடினமான பகுதிக்கு வருகிறேன். மகனிடம் உரிமம் இல்லை, அல்லது இருசக்கர வாகனத்துக்கு மட்டும் இருக்கிறது, அல்லது எல்.எல்.ஆர். மட்டும் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். எல்.எல்.ஆர். பற்றிப் பெரிய தவறான எண்ணம் நிலவுகிறது. பழகுநர் உரிமம் உள்ளவரும் ஓட்டலாம் என்று பாலிசியில் இருப்பது உண்மை. ஆனால் மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989இன் மூன்றாவது விதியைப் பின்பற்றினால்தான் அது செல்லும். முன்னும் பின்னும் ‘எல்’ பலகை இருக்க வேண்டும். உரிமம் உள்ள ஒருவர், வண்டியை உடனே நிறுத்தக்கூடிய இடத்தில் பக்கத்தில் அமர்ந்திருக்க வேண்டும். நள்ளிரவில் இரண்டு நண்பர்களோடு சென்ற பையனிடம் எல்.எல்.ஆர். இருந்தது என்பது உதவப் போவதில்லை, அந்த நண்பர்களில் ஒருவர் உரிமத்தோடு முன்னிருக்கையில் இருந்து, பலகையும் மாட்டியிருந்தால் தவிர.

உரிமம் இல்லாத நிலையில் சொந்தச் சேதக் கிளைம் பெரும்பாலும் கிடைக்காது. நீங்கள் அனுமதிக்கவில்லை, உங்கள் மேல் குற்றம் இல்லை என்ற வாதம் எழும். இருந்தாலும் சொந்தச் சேதம் என்பது உங்களுக்கும் நிறுவனத்துக்கும் இடையிலான ஒப்பந்தம். ஓட்டியவருக்கு உரிமம் இல்லாவிட்டால் பொறுப்பு இல்லை என்று அதில் அச்சிட்டிருக்கிறது. நிபந்தனை மீறல் உள்ள சில கிளைம்களில் 75 சதவீதம் வரை கொடுத்து முடிக்கும் வழக்கம் உண்டு, 2010இல் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றிருக்கிறது. அது வாடகைக்கு விட்டது போன்ற மீறல்களில் வந்த தீர்ப்பு. உரிமமே இல்லாத ஓட்டுநர் விஷயத்தில் அதைக் கேட்டுப் பார்க்கலாம். கிடைக்கும் என்று நம்பிச் செலவு செய்ய வேண்டாம்.

காயம்பட்டவருக்கான பணம் அப்படியல்ல. இங்கேதான் உங்கள் ‘அனுமதி’ உண்மையில் எடை பெறுகிறது. 1987இல் உச்ச நீதிமன்றத்துக்கு வந்த ஸ்கேண்டியா வழக்கில், லாரி ஓட்டுநர் எஞ்சினை அணைக்காமல் இறங்கிப் போக, உரிமம் இல்லாத கிளீனர் லாரியை நகர்த்தி விபத்து ஏற்படுத்தினார். உரிமையாளர் தெரிந்தே செய்தால்தான் அது நிபந்தனை மீறல், அவர் உரிமம் உள்ள ஓட்டுநரிடம் ஒப்படைத்துவிட்டுத் தன் கட்டுப்பாட்டுக்கு அப்பால் நடந்ததற்கு அவரைக் குற்றம் சொல்ல முடியாது என்று நீதிமன்றம் சொன்னது. 1988இல் இன்னொரு வழக்கில், பழுது பார்க்க விட்ட காரைப் பட்டறை ஊழியர் ஓட்டி விபத்து ஏற்படுத்தியபோதும் நிறுவனம்தான் கொடுக்க வேண்டும் என்றார்கள். சாலையில் அடிபடுகிறவரைக் காக்கத்தான் கட்டாயக் காப்பீடு என்பது இந்தத் தீர்ப்புகளின் அடிநாதம்.

2004 ஜனவரியில் மூன்று நீதிபதிகள் அமர்வு தந்த சுவரண் சிங் தீர்ப்பு இவை எல்லாவற்றையும் தொகுத்தது. உரிமம் இல்லை என்று காட்டினால் மட்டும் நிறுவனம் தப்ப முடியாது. உரிமையாளர் அக்கறையின்றி இருந்தார் என்பதையும் நிறுவனமே நிரூபிக்க வேண்டும். அப்படி நிரூபித்தாலும், பாதிக்கப்பட்டவருக்கு முதலில் பணத்தைக் கொடுத்துவிட்டுப் பிறகு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளும்படி தீர்ப்பாயம் உத்தரவிடலாம். ‘கொடுத்துவிட்டு வசூலி’ என்று நாங்கள் சொல்வது இதைத்தான். ஆக, காயம்பட்டவர் வெறுங்கையோடு நிற்கும் வாய்ப்பு குறைவு. அந்தத் தொகை பிறகு உங்கள் வீட்டுக் கதவைத் தட்டுமா என்பதுதான் உங்களுக்கான கேள்வி.

அதைத் தீர்மானிப்பது சாவி. சாவி எங்கே இருந்தது, அதை எடுப்பது எவ்வளவு எளிது, உங்கள் மகன் இதற்கு முன் ஓட்டியிருக்கிறானா, நீங்கள் அதைக் கண்டித்திருக்கிறீர்களா என்று நிறுவனத்தின் வழக்கறிஞர் ஒவ்வொன்றாகக் கேட்பார். பூட்டிய பீரோவிலிருந்து எடுத்திருந்தால் ஒரு விடை. வாசல் ஆணியில் தொங்கியிருந்தால், அதுவும் உரிமம் இல்லாமல் அவன் முன்பே தெருவுக்குள் ஓட்டுவதை அக்கம்பக்கத்தார் பார்த்திருந்தால் இன்னொரு விடை. 2011இல் உரிமம் இல்லாத சிறுவன் ஓட்டிய மோட்டார் சைக்கிள் வழக்கில், வண்டி தவறாகப் பயன்படாமல் பார்த்துக்கொள்வது உரிமையாளரின் பொறுப்பு என்று சொல்லி, அவரிடம் வசூலிக்க நிறுவனத்துக்கு உச்ச நீதிமன்றம் வழிவிட்டது. ஸ்கேண்டியா ஒரு பக்கம், இது மறுபக்கம். உங்கள் ஆணியில் தொங்கிய சாவி இரண்டுக்கும் நடுவே இருக்கிறது. எந்தப் பக்கம் சாயும் என்று உறுதி கூறும் எவரையும் நம்பாதீர்கள்.

இன்னொரு மாற்றத்தையும் சொல்ல வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் காப்பீட்டு அத்தியாயம் 2022 ஏப்ரல் 1 முதல் புதிதாக எழுதப்பட்டிருக்கிறது. மூன்றாம் நபருக்கான தீர்ப்புத் தொகையை நிறுவனம் கொடுக்க வேண்டும் என்று சொல்லும் பழைய 149ஆம் பிரிவு இப்போது 150. வசூலிக்கும் உரிமையைப் பற்றிய பழைய வாசகங்கள் புதிய பிரிவில் அப்படியே இடம்பெறவில்லை. அதை வைத்து, அந்தத் தேதிக்குப் பிந்தைய விபத்துகளில் தங்கள் பொறுப்பே இல்லை என்று நிறுவனங்கள் வாதிடுவதைப் பார்க்கிறேன். உங்கள் வழக்கறிஞரிடம் முதல் சந்திப்பிலேயே கேட்க வேண்டிய கேள்வி இது. காயம்பட்டவர் ஆறு மாதத்துக்குள் இழப்பீட்டு மனு போட வேண்டும் என்ற காலவரம்பும் அதே மாற்றத்தில்தான் வந்தது.

மது அருந்தியிருந்தானா என்று நீங்கள் எழுதவில்லை. எழுதத் தயங்கியிருக்கலாம், புரிகிறது. அருந்தியிருந்தால், வழக்கமான பாலிசியின் சொந்தச் சேதப் பகுதியில் ஒரு நுட்பமான வாசகம் உண்டு: பாலிசிதாரரோ, அவருக்குத் தெரிந்து அவர் சம்மதத்துடன் ஓட்டும் எவரோ போதையில் இருந்தால் இழப்பீடு இல்லை. தெரிந்து, சம்மதத்துடன் என்ற சொற்களைக் கவனியுங்கள். அனுமதி இல்லாதது உங்களுக்குச் சாதகமாகத் திரும்பும் இடம் இது. ஒவ்வொரு நிறுவனமும் தன் பாலிசியில் வாசகங்களை மாற்றியிருக்கலாம் என்பதால் உங்கள் கையில் இருக்கும் பாலிசியைத்தான் பார்க்க வேண்டும், முதல் பக்க அட்டவணையை அல்ல, பின்னால் வரும் பொடி எழுத்துப் பக்கங்களை. மூன்றாம் நபர் பொறுப்பில் புதிய 150ஆம் பிரிவு போதையில் ஓட்டுவதையும் நிறுவனத்துக்கான எதிர்வாதமாகச் சேர்த்திருக்கிறது.

அனுமதி கணக்கில் வரும் இன்னோர் இடமும் உண்டு. உங்கள் உத்தரவின் பேரில் அல்லது அனுமதியுடன் ஓட்டும் ஓட்டுநருக்கும் பொறுப்புப் பாதுகாப்பு உண்டு என்று பாலிசியின் இரண்டாம் பகுதி சொல்கிறது. அனுமதி இல்லாமல் ஓட்டிய உங்கள் மகன் தன் மேல் தனியாக வரும் வழக்குக்கு அந்தப் பாதுகாப்பைக் கேட்பது கடினம். அவனுக்கே அடிபட்டிருந்தாலும் பாலிசியில் பெரிதாக எதிர்பார்க்க முடியாது. உரிமையாளருக்கான 15 லட்சம் ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பு, பதிவுப் புத்தகத்தில் பெயர் உள்ள உங்களுக்குத்தான், அதுவும் நீங்கள் உரிமத்தோடு ஓட்டியிருந்தால். மூன்றாம் நபர் என்றும் அவனைச் சொல்ல முடியாது; உரிமையாளரின் இடத்தில் அமர்ந்து ஓட்டியவர் என்றே நீதிமன்றங்கள் பார்க்கின்றன.

உங்கள் மகனுக்கு 18 நிறைந்துவிட்டதற்கு நீங்கள் ஆறுதல் கொள்ளலாம். நிறையாதிருந்தால் 199ஏ பிரிவு வரும். 2019 செப்டம்பர் 1 முதல், சிறார் வண்டி ஓட்டிக் குற்றம் நடந்தால் பெற்றோரோ உரிமையாளரோதான் குற்றவாளி. மூன்று ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், வண்டியின் பதிவு 12 மாதங்களுக்கு ரத்து, அந்தச் சிறுவனுக்கு 25 வயது வரை உரிமம் இல்லை. உரிமையாளரின் சம்மதத்தோடுதான் ஓட்டினான் என்று நீதிமன்றம் அனுமானிக்க வேண்டும் என்றும் அந்தப் பிரிவு சொல்கிறது. தெரியாமல் நடந்தது, தக்க எச்சரிக்கையோடு இருந்தோம் என்று பெற்றோர்தான் நிரூபிக்க வேண்டும். பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் இதைப் படிப்பவர்கள் இன்றே சாவி தொங்கும் இடத்தைப் போய்ப் பாருங்கள்.

இனி நீங்கள் செய்ய வேண்டியவை. காயம்பட்டவரின் குடும்பத்தை ஒரு முறை நேரில் பாருங்கள். காப்பீட்டுக்கு இதனால் கேடு வரும் என்று சொல்வார்கள், நலம் விசாரிப்பதால் எதுவும் கெடாது. பொறுப்பை ஏற்பதாகவோ இவ்வளவு தருவதாகவோ எழுதிக் கொடுக்காதீர்கள், பாலிசி அதைத் தடுக்கிறது. தமிழ்நாட்டில் விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேர அவசரச் சிகிச்சை ‘நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில் கிடைக்கிறது. 2025 மே மாதம் அறிவிக்கப்பட்ட மத்திய அரசின் கட்டணமில்லாச் சிகிச்சைத் திட்டத்தில் ஏழு நாள் வரை, ஒன்றரை லட்சம் ரூபாய்க்குள் சிகிச்சை பெறலாம். அவர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம், சொல்லுங்கள்.

விபத்தைக் காவல் நிலையத்தில் தெரிவிப்பது ஓட்டியவரின் கடமை. 134ஆம் பிரிவு அதற்கு 24 மணி நேரம் தருகிறது. மகனை வழக்கறிஞரோடு அனுப்புங்கள். புகாரைப் பதியத் தாமதித்தால் புகாரைப் பெற்றதற்கான சி.எஸ்.ஆர். ரசீதையாவது வாங்கிக்கொள்ளுங்கள். காப்பீட்டு நிறுவனத்துக்கு இன்றே எழுத்தில் தெரிவியுங்கள், தொலைபேசியில் சொன்னால் அவர்கள் தரும் பதிவு எண்ணைக் குறித்து வையுங்கள். சர்வேயர் பார்க்கும் வரை வண்டியில் எதையும் கழற்ற விடாதீர்கள். சேதம் சிறியதாக இருந்து, நீங்கள் பல ஆண்டுகள் கிளைம் இல்லாமல் 50 சதவீத நோ கிளைம் போனஸ் (பிரீமியத் தள்ளுபடி) வைத்திருந்தால், கிளைம் செய்யாமல் விடுவது லாபமாக இருக்கும். நீங்கள் அனுப்பிய படத்தில் பார்த்த அளவுக்கு ரேடியேட்டர் ஆதாரச் சட்டமே வளைந்திருப்பதால் அந்தக் கணக்கு உங்களுக்குப் பொருந்தாது என்று நினைக்கிறேன். சொந்தச் சேதத்துக்குக் கிளைம் செய்யாவிட்டாலும் விபத்தைத் தெரிவிக்காமல் இருக்கக் கூடாது, மூன்றாம் நபர் வழக்கு பின்னால் வரும்.

படிவத்தில் ஓட்டியவர் என்ற இடத்தில் மகனின் பெயரையும், உரிமம் இருந்தால் அதன் எண்ணையும், இல்லாவிட்டால் இல்லை என்றும் எழுதுங்கள். விபத்து விவரத்தில் இப்படி இருந்தால் போதும்: “இரவு நான் தூங்கிய பிறகு, வாசலருகே மாட்டியிருந்த சாவியை எடுத்து என் மகன் என்னிடம் கேட்காமல் காரை ஓட்டிச் சென்றான். விபத்து நடந்த பிறகு அவன் தொலைபேசியில் சொன்னபோதுதான் எனக்குத் தெரிந்தது.” அவன் அழைத்த நேரம் உங்கள் செல்போனில் பதிவாகி இருக்கும், அதைப் படம் எடுத்து வையுங்கள். காவல் நிலையத்திலும், படிவத்திலும், பிறகு தீர்ப்பாயத்திலும் இதே சொற்கள்தான் வர வேண்டும். மூன்று இடத்தில் மூன்று விதமாக வந்தால், நீங்கள் அனுமதி தரவில்லை என்பதையே யாரும் நம்ப மாட்டார்கள்.

மகனிடம் உரிமம் இருந்தும், அனுமதி இல்லை என்ற காரணத்தைக் காட்டி நிறுவனம் மறுத்தால், எந்த நிபந்தனைப்படி மறுக்கிறார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். அந்த நிறுவனத்தின் குறைதீர் பிரிவுக்கு எழுதி ஒரு மாதம் பாருங்கள். பதில் திருப்தி இல்லையென்றால் காப்பீட்டு ஆம்பட்ஸ்மேனிடம் (குறைதீர்ப்பாளரிடம்) போகலாம். சென்னையில் அலுவலகம் இருக்கிறது, 50 லட்சம் ரூபாய் வரை விசாரிப்பார்கள், கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் தேவையில்லை. நிராகரிப்புக் கடிதம் வந்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் மனு போட வேண்டும். நுகர்வோர் ஆணையத்துக்கு இரண்டு ஆண்டு. அதனால் கடிதம் வந்த உறையையும் சேர்த்தே பத்திரப்படுத்துங்கள், அஞ்சல் முத்திரைத் தேதி அதில்தான் இருக்கும்.